ஒதுக்கப்பட்டோருள் ஒதுக்கப்பட்டோர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையே இருபத்தைந்து ஆண்டுகளாகத் தன் தலையாய பணியாகக் கொண்டிருக்கும் சங்கம் இது. இம்மேடையில், அப்பள்ளியிலிருந்து கேலியாலும் கொடுமையாலும் துரத்தப்படும் சில பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நடையிலும் பேச்சிலும் பெண்மை தென்படுகிறது என்பதற்காக எள்ளி நகையாடப்படும் மாணவன். பெண்ணென வளர்க்கப்பட்டும் தன்னை ஆணாகவே உணரும் பிள்ளை. திருமணப் பேச்சை எடுத்தாலே காரணம் சொல்ல இயலாமல் கலங்கும் இளைஞன். இவர்கள் வேறெங்கோ பிறந்தவர்கள் அல்லர். நம் தெருவில், நம் தாய்மார் வயிற்றில் பிறந்தவர்கள்.

இவர்கள் யார் என்பதை முதலில் தெளிவுற அறிதல் வேண்டும். ஆணெனக் கருதப்பட்டுப் பிறந்து, தம்மைப் பெண்ணாக உணர்வோர் திருநங்கையர். பெண்ணெனக் கருதப்பட்டுப் பிறந்து, தம்மை ஆணாக உணர்வோர் திருநம்பியர். தம் பாலினத்தவரிடமே அன்பும் ஈர்ப்பும் கொள்வோர் தன்பாலீர்ப்பினர். இருபாலாரிடமும் ஈர்ப்புக் கொள்வோர் இருபாலீர்ப்பினர். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வது ஒன்று. யாரை விரும்புகிறோம் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளுதல் கூடாது.

இது நோயோ என்று ஐயுறுவோர் உளர். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இத்தகையோரை 'மாற்றிவிடுகிறோம்' என்று மருத்துவம் செய்வதைத் தடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியாக, அவ்வாறு செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே, பிள்ளையைப் பேயோட்டுபவரிடமோ, 'சரிசெய்து தருகிறேன்' என்று பணம் பறிப்பவரிடமோ அழைத்துச் செல்லுதல் வீண் செலவு மட்டுமன்று. அப்பிள்ளைக்கு இழைக்கும் கொடுமையுமாகும்.

"நமக்கே ஆயிரம் துன்பங்கள் இருக்க, இதையும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். ஆனால் இது நமக்குப் புறம்பான சுமையா? சாதியின் பெயரால் ஒதுக்கும் ஊரும், பாலினத்தின் பெயரால் ஒதுக்கும் வீடும் ஒரே பிள்ளையின் மீது ஒருங்கே வந்து விழுகின்றனவே! ஊர் ஒதுக்கினால் நாம் சேரிக்குத் திரும்பலாம். சேரியும் ஒதுக்கினால் அப்பிள்ளை எங்கே செல்லும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 2015ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணத்தில் செய்ததே எனினும், ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்த திருநங்கை, பிறப்பால் வந்த இடஒதுக்கீட்டை நாடுவதா, பாலினத்தால் வந்ததை நாடுவதா என்ற இக்கட்டு எழுந்தது. சாதியும் பாலினமும் ஒன்றையொன்று விலக்குவன அல்லவே! ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனி இடம் வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கையர் ஆண்டுக்கணக்கில் போராடினர். அத்தகைய உள் ஒதுக்கீட்டை வழங்குமாறு 2024ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இப்போராட்டம் நம் போராட்டத்தின் ஒரு கிளையே என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை நாம் நெஞ்சில் ஏந்தியிருக்கிறோம். பாலியல் அறிவைப் பரப்பிய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழின் ஆசிரியர் ர. தோ. கர்வே மீது ஆபாச வழக்குத் தொடுக்கப்பட்டபோது, 1934ஆம் ஆண்டு பம்பாயில் அவருக்காக வாதாட முன்வந்தவர் அண்ணலே. வழக்குத் தோற்றது; கொள்கை தோற்கவில்லை. 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பு அறம் என்பது தானாக முளைப்பதன்று, முயன்று வளர்க்க வேண்டியது என்னும் கருத்தை அவர் எடுத்துரைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மையோர் வழக்கத்தினும் அரசியலமைப்பு அறமே மேலானது என்னும் நெறியையே தூணாகக் கொண்டது. நம் தலைவர் ஊன்றிய விதை, பிறருக்கும் நிழல் தந்தது. அந்நிழலை நம் வீட்டுப் பிள்ளைக்கு மறுக்கலாமா?

சட்டம் வாசல் வரையில்தான் வரும். வீட்டிற்குள் செய்ய வேண்டியதை நாமே செய்தாக வேண்டும்.

முதலாவது, நாவடக்கம். பெயரைச் சிதைத்தும் சாதியைச் சுட்டியும் அழைக்கப்படும் வலியை நாம் அறிவோம். அதே வலியைத் தரும் இழிசொற்களை நம் நாவில் ஏற்றக் கூடாது. அவர் எப்பெயரைத் தம் பெயராகக் கொள்கிறாரோ அப்பெயரால், 'தம்பி' என்றோ 'அக்கா' என்றோ அவர் விரும்பும் உறவுமுறையால் அழைப்போம். தொல்காப்பியமே இத்தகையோரை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது; நாம் 'அது' என்று அஃறிணையாக்கலாமா?

இரண்டாவது, மறைபொருள் காத்தல். நம்பி ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து சொன்னால், அவர் இசைவின்றி அதை வேறெவரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்ட ஒரு சொல் அவரை வீட்டை விட்டே வெளியேற்றிவிடக் கூடும்.

மூன்றாவது, கட்டாயத் திருமணம் வேண்டாம். "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்னும் எண்ணம், ஏதுமறியாத இன்னொருவர் வாழ்வையும் சேர்த்தே அழிக்கிறது.

நான்காவது, கல்வி. விடுதியிலும் பள்ளியிலும் இத்தகைய பிள்ளையைச் சீண்டுவோரைக் கண்டால், மூத்த மாணவர்கள் முன்வந்து தடுக்க வேண்டும். பிள்ளை திடீரெனப் பள்ளிக்கு வராது போனால், சங்கத்தின் இளைஞர்கள் அவ்வீட்டிற்குச் சென்று, பழி கூறாது காரணம் கேட்டறிய வேண்டும். திருநங்கையர்க்கென நல வாரியத்தை 2008ஆம் ஆண்டே அமைத்த மாநிலம் இது. அரசு வழங்கும் உதவிகளைப் பெற விண்ணப்பம் எழுதித் தருவதும், துணைக்குச் செல்வதும் கற்றோர் கடமை.

தோழர்களே! படிப்பை இடையில் விட்டு ஓடிப்போன பிள்ளைகள் பிச்சையெடுப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அவர்கள் பையைப் பறித்து எறிந்தது யார் என்று கேட்பதில்லை. பள்ளியில் நிலைத்திருந்தால் அவர்களும் ஆசிரியராகவும் அலுவலராகவும் இம்மேடையிலேயே வந்து நின்றிருப்பர்.

இச்சங்கம் நிறுவப்பட்டது நம் மக்களுள் எவரும் கல்விக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதற்காக. 'எவரும்' என்ற அச்சொல்லில் இப்பிள்ளைகளும் அடங்குவர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கை எழுதத் தொடங்கும் இந்நாளில், அவர்கள் பெயரையும் நம் வருகைப் பதிவேட்டில் எழுதிக் கொள்வோம் எனக் கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.