துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது எப்படி?



தோட்டத்தில் ஒரு கார் இருந்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடு இரவில் காய்ச்சல் கண்டாலும், லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அந்தக் காரைத்தான் நாம் தேடிப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டயர் பஞ்சராகிவிடுகிறது. ஸ்பேர் டயர் இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் நட்டு அசைய மறுக்கிறது. அப்போது என்ன செய்வது? மழையில், செம்மண் சாலையில் நின்று நட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, ஓய்வு நாளில் அமைதியாகக் கழற்றிப் பார்த்து வைப்பது நல்லதல்லவா? இறுகிப்போன நட்டையும் போல்ட்டையும் கருவி உடையாமல், கை காயப்படாமல் கழற்றும் முறையை இன்று பார்ப்போம்.

முதலில், நட்டு ஏன் இறுகுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பு, நீர், காற்றில் உள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. துருவாக மாறிய இரும்பு, முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையில் இருப்பது மிகச் சிறிய சந்து. அதில் துரு பருத்து நிறையும்போது, ஆப்பு அடித்ததுபோல் இரண்டும் இறுகிவிடுகின்றன. நம் நாட்டு ஈரக்காற்றே துருவுக்குப் போதும். அதற்குமேல், செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் உப்புத் தன்மை உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலமும் இரும்பை அரிக்கும். உரமும் பாலும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

ஆகவே, நமக்கு எதிரி நட்டு அல்ல, அந்தச் சந்தில் இருக்கும் துருதான். துருவைத் தளர்த்தினால் நட்டு தானாக வழிவிடும். துருவை விட்டுவிட்டு நட்டை மட்டும் பலமாகத் திருகினால் போல்ட் முறியும், அல்லது ஸ்பேனர் உடையும்.

இப்போது செய்முறைக்கு வருவோம்.

முதலாவதாக, சுத்தம் செய்தல். கம்பி பிரஷ்ஷினால் நட்டைச் சுற்றியுள்ள மண்ணையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் உள்ள துருவையும் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அழுக்கு அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. ஸ்பேனரும் சரியாக உட்காராது.

இரண்டாவதாக, ஊறவைத்தல். பழைய இஞ்சின் எண்ணெய் தடித்தது. அது சந்துக்குள் எளிதில் இறங்காது. கடையில் விற்கும் துரு தளர்த்தும் எண்ணெய் நல்லது. அது இல்லையென்றால், மண்ணெண்ணெயில் சிறிது இஞ்சின் எண்ணெய் கலந்து சொட்டுச் சொட்டாக விடலாம். பெட்ரோலை மட்டும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றிக்கொள்ளும். எண்ணெய் விட்ட உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். மாலையில் விட்டு, இரவில் மறுபடி விட்டு, காலையில் கழற்றினால் பாதி வேலை முடிந்திருக்கும்.

மூன்றாவதாக, தட்டுதல். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். போல்ட்டின் தலையில் சுத்தியலால் அளவாகப் பல முறை தட்டும்போது துருவில் வெடிப்பு விழுகிறது; அந்த வெடிப்பின் வழியே எண்ணெய் இறங்குகிறது. ஓங்கி அடித்தால் மரை நசுங்கிவிடும். அடிக்கும்போது கண்ணாடி அணிந்தால் துருத் தூள் கண்ணில் விழாது.

நான்காவதாக, சரியான ஸ்பேனர். பழைய பிரிட்டிஷ் லேண்ட் ரோவரிலும் டிராக்டரிலும் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவதுபோல்தான் தோன்றும். பலமாகத் திருகும்போது நட்டின் மூலை வழுக்கி உருண்டையாகிவிடும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். ஆறு மூலைகளையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ இந்த வேலைக்கு ஏற்றது.

ஐந்தாவதாக, திருகும் முறை. முதலில் இறுக்கும் பக்கமாக மிகச் சிறிது அசைத்துப் பாருங்கள். துரு உடைவதற்கு அதுவும் உதவும். பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அசைந்துவிட்டால் ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது. கால் சுற்றுக் கழற்றி, எண்ணெய் விட்டு, சிறிது திரும்ப இறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். முன்னும் பின்னும் போய் வரும்போது துருத் தூள் வெளியேறும். எந்தப் பக்கம் கழலும் என்பதிலும் கவனம் தேவை. பெரும்பாலான நட்டுகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். ஆனால் சைக்கிளின் இடது பெடலும், சில வகைப் புல்வெட்டும் இயந்திரங்களில் கத்தியைப் பிடித்திருக்கும் நட்டும் நேர்மாறானவை. இது தெரியாமல் முழுப் பலத்துடன் இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கலாமா? ஒரு கணக்குப் பார்ப்போம். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண போல்ட்டை இறுக்க, 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ இழுப்பு போதும். குழாய் செருகி 75 சென்டிமீட்டராக்கி, அதே 10 கிலோவுக்கு இழுத்தால் திருகு விசை மூன்று மடங்காகிறது. அந்தச் சிறிய போல்ட் அதைத் தாங்காது. சக்கர நட்டுகள் தடித்தவை. அவற்றுக்கு உறுதியான நீண்ட கம்பிப் பிடி பொருந்தும். கிளிக் கிளிக் என்று சுழலும் ராச்செட் பிடியில் குழாயைச் செருகினால் அதன் உட்பல் உடைந்துவிடும். ஸ்பேனரை எப்போதும் நம்மை நோக்கி, சீராக இழுக்க வேண்டும். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ள வேண்டும். ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டு அடிபட்டால், மறுநாள் பால்வெட்டுக்கோ குலை வெட்டுக்கோ போக முடியாது. இரவல் வாங்கிய ஸ்பேனர் உடைந்தால் அண்ணன் தம்பியாகப் பழகியவர்களிடையே மனத்தாங்கல் வரும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் சூடு உதவும். 10 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பு நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.02 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிப்பில் பாதிகூட இல்லை; ஆயினும் துருவின் பிடி விடுவதற்கு அது போதும். ஆனால் பெட்ரோல் டாங்கி, பிரேக் குழாய், டயர், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் அருகே நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. காற்றடைத்த டயர் சூட்டில் வெடித்து ஆளைக் கொன்றுவிடும். எண்ணெய் விட்ட இடத்திலும் தீப்பற்றும். ஆகவே சூடு காட்டும் வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

இனி, சக்கர நட்டுகளை ஓய்வு நாளில் சோதிக்கும் முறை. இதற்கு ஜாக்கி வேண்டியதில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்துவிடுங்கள். காரோடு வந்த ஸ்பேனரையே பயன்படுத்துங்கள்; சாலையில் நமக்கு உதவப்போவது அதுதானே? ஒரு நட்டைக் கழற்றி, மரையைத் தேய்த்துத் துடைத்து, திரும்ப மாட்டி இறுக்கிய பிறகே அடுத்த நட்டைத் தொட வேண்டும். எண்ணெய் தேவைப்பட்டால் இரண்டு சொட்டுப் போதும். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. மாட்டுவதற்கு முன் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட் இழுபட்டுவிடும். மற்ற சாதாரண போல்ட்டுகளுக்குச் சிறிது கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை எளிதாகக் கழலும்.

சாலையில் சக்கரத்தை மாற்ற நேர்ந்தால், டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். தூக்கிய பின் பலமாக இழுத்தால் கார் ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இந்த வேலையை வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மகன் மட்டுமல்ல, மகளும் கற்றுக்கொள்ளட்டும். இதற்கு உடல் பலத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். பதறாத காரியம் சிதறாது. நேயர்களே, வரும் ஓய்வு நாளில் காரோடு வந்த ஸ்பேனரை எடுத்து, உங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை சோதித்து வையுங்கள்.