நெல்லுக்குள் ஒரு வட்டை விதானை
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயலும் வெள்ளமும் நமக்குப் புதியன அல்ல. 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் அம்பாறை மாவட்டத்து வட்டைகள் பல நீரில் ஆழ்ந்தன. ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிய இளம் வேளாண்மை பெரும்பாலும் மடிந்துவிடும். ஆயினும் சில நெல்லினங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் மீண்டும் துளிர்க்கின்றன. இஃது எவ்வாறு?

நெல்லின் வேரிலும் இலையிலும் உள்ள கலங்களில் இருப்பது ஒரே டீ.என்.ஏ. தான். ஆனால் அதிலுள்ள பரம்பரை அலகுகள் யாவும் எந்நேரமும் தொழிற்படுவதில்லை. குளம் நிறைய நீர் இருந்தாலும், வட்டை விதானையார் சொன்னாலன்றி மடை திறப்பதில்லை அல்லவா? கலத்துக்குள்ளும் அத்தகைய விதானைமார் உண்டு. அவை ஒருவகைப் புரதங்கள். டீ.என்.ஏ.யில் தமக்குரிய இடத்தை இனங்கண்டு பற்றிக்கொண்டு, ஓர் அலகை இயக்கும், மற்றொன்றை அடக்கும்.

பயிர் மூழ்கியதும் அதனுள் உண்டாகும் எதிலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. சாதாரண நெல், ஜிபரலின் என்னும் வளர்ச்சிப் பொருளின் ஏவலால் அவசரமாக நீளுகின்றது; சேமித்த மாப்பொருளைச் செலவிட்டுத் தீர்த்து, வெள்ளம் வடிந்ததும் சாய்கின்றது. ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ என்னும் நெல்லில் நிகழ்வது வேறு. அங்கே சப்-1ஏ என்னும் புரதம் பெருகி, ஜிபரலினின் ஏவலுக்குத் தடை போடுகின்றது. பயிர் அடங்கியிருந்து, மாப்பொருளைக் காத்து, நீர் வடிந்தபின் தழைக்கின்றது. இதற்குரிய அலகை டேவிட் மக்கில், பமேலா ரொனால்ட் முதலிய அறிஞர்கள் 2006இல் வெளியிட்டனர்.

வியப்பு யாதெனில், மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் நாடுகளின் ஆழநீர் நெல்லில், இதே குடும்பத்துப் புரதங்கள் நேர்மாறாகப் பயிரை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துகின்றன. இதனை 2009இல் யப்பானிய அறிஞர் காட்டினர். குறுகிய வெள்ளத்தில் அடங்குவதே நலம். நெடிய வெள்ளத்தில் எழுவதே நலம்.

சப்-1ஏ அலகை ஒட்டுக்கலப்பின் மூலம் சேர்த்த சுவர்ணா-சப்1 நெல், 2009இல் இந்திய உழவர் கைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் சி.ஆர்.1009 சப்-1 பயிராகின்றது.

இளைஞர்களே, வெள்ளம் தாங்கும் நெல்லெனச் சர்வதேச ஆராய்ச்சி ஏடுகளில் பதிந்தவற்றுள் நம் இலங்கையின் பழைய நெல்லினங்களும் உள. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘குர்க்கருப்பன்’. தமிழ் மணக்கும் பெயர்! அத்தகைய நெல்லை இன்று நம் வட்டைகளில் எத்தனை பேர் அறிவர்? விளைவு குறைவென்று நாம் கைவிடும் ஒரு பிடி விதைநெல்லோடு, ஆயிரம் ஆண்டு வெள்ளங்களில் தேறிய ஒரு விதானையும் போய்விடலாம். போனதை எந்த ஆய்வுகூடமும் மீட்டுத் தராது.

ஆதலின், பெரியோர்களே, உங்கள் நினைவிலுள்ள பழைய நெல்லின் பெயரையும் குணத்தையும் இளைஞருக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே, அவற்றை எழுதி வையுங்கள். விதை எங்கேனும் எஞ்சியிருப்பின், கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்கு அறிவியுங்கள். இதுவே நம் வேண்டுகோள்.