கோயில் ஏட்டில் ஒரு பெயர்

(ஜாசினில் பதிவான தொலைக்காட்சி அரங்கத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



ஜாசினில் பஸ் ஏறி மலாக்கா பட்டணத்துக்குப் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். சிவப்பு நிற டச்சுக் கட்டடங்களைத் தாண்டியதும், ஆற்றை ஒட்டி இரட்டைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கும். கோபுரம் சற்றே சாய்ந்திருக்கும். அதுதான் புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயம். நம்மவர்களுக்குச் சவேரியார் கோயில்.

நான் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த குடும்பத்துப் பெண். இவளுக்கு எதற்கு மாதா கோயில் வரலாறு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு, சொல்கிறேன்.

மலாக்காவை 1511-இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். 1641-இல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கர்கள் பல காலம் ஒளிந்து வழிபட வேண்டியிருந்தது. 1710-இல்தான் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. 1824-இல் ஊர் ஆங்கிலேயருக்கு உறுதியானது. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், 1849-இல், ஃபாவ்ரே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழைய போர்த்துகீசிய ஆலயம் இருந்த இடத்தில் சவேரியார் கோயில் வேலையைத் தொடங்கினார். 1856-இல் முடிந்தது. தென் பிரான்சின் மோன்பெல்லியே நகரப் பேராலயத்தின் சாயல் இதில் உண்டு என்பார்கள். கூரிய வளைவுகளைப் பார்த்தாலே அது காத்திக் பாணி என்று தெரிந்துவிடும்.

கட்டியவர் பிரெஞ்சுக்காரர், ஆண்டவர்கள் ஆங்கிலேயர். அப்படியானால் நமக்கு அதில் என்ன பங்கு?

முதல் பங்கு, அந்தக் கோயிலின் பெயரிலேயே இருக்கிறது. சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். அதற்கு முன் 1542 முதல் தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து முத்துக்குளித்துறையில் மீனவ மக்களோடு வாழ்ந்தார். உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். ஆக, தமிழில் ஜெபம் சொல்லிப் பழகிய வாயோடுதான் அவர் மலாக்காவில் கால் வைத்தார். 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் அவர் உடல் 1553-இல் மலாக்கா குன்றின் மேல் இருந்த ஆலயத்தில் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது பங்கு, ரப்பரோடு வந்தது. 1896-இல் டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு நம் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். தோட்டங்கள் பெருகின. கப்பலில் நம் மக்கள் வந்தார்கள். அவர்களில் வேதக்காரர்களும் இருந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டில் முருகன் படம், அடுத்த வீட்டில் மாதா படம்.

எங்கள் பாட்டியின் பக்கத்து வீட்டு ஆயாவும் வேதக்காரர்தான். இருவரும் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள். ஆயாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. வயதான காலத்தில் ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள், "நீ பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?" கேள்வி சுலபமாக வந்துவிட்டது. பதில் சொல்ல ஆள் இல்லை. அப்பன் ஆத்தா செத்துவிட்டார்கள், தோட்டம் துண்டாடப்பட்டுவிட்டது.

கடைசியில் ஆயா ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்குப் போனார்கள். கத்தோலிக்கச் சபையில் ஒரு முறை உண்டு. ஞானஸ்நானம் பெறுபவரின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த நாள், இடம் எல்லாம் ஏட்டில் எழுதியாக வேண்டும். மஞ்சளித்த ஒரு பக்கத்தில் ஆயாவின் பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. தோட்டத்தின் பெயரும் இருந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பாட்டி சொல்வார், "வாசிச்சுக் காட்டினதும், அப்பா பேரை விரலால தடவிக்கிட்டே நின்னாடி."

அன்பர்களே, கோயில் வரலாறு என்றால் கோபுரமும் ஆண்டும் மட்டும்தானா? சுற்றுலாப் புத்தகம் பாதிரியார் பெயரைச் சொல்லும். அங்கே முழங்காலிட்ட பால்வெட்டுக்காரியின் பெயரை யார் சொல்வது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. கடலைக்கூட மண் கொட்டித் தூரத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அந்த ஏடுகளும், நம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகமும்தான்.

கோயிலோ, மசூதியோ, மாதா கோயிலோ, உங்கள் ஊரில் எது இருந்தாலும் சரி. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டியிடம் அவர் அப்பா பெயரைக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிவையுங்கள்.