வீட்டுப் பெட்டகமும் வெளியூர்ப் பிள்ளைகளும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொகவந்தலாவையில் காமன் கூத்து முடிந்ததும் கொழும்பிலிருந்து அழைப்பு வரும். கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், "படம் பிடித்தீர்களா?" என்று கேட்பார்கள். ரதியின் ஒப்பாரியைப் பாடிய முதியவர் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் குரல் நம் ஒளிப்பதிவுகளில் மட்டுமே இருக்கிறது.

அப்பதிவுகளைப் பழைய மடிக்கணினி ஒன்றில் சேர்த்து, 2018இல் பிறந்த ஜெல்லிபின் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். அதே வைஃபையில் உள்ளவர்கள் உடனே பார்த்தார்கள். கொழும்பிலிருந்து பார்ப்பது எங்ஙனம்?

ரவுட்டரில் வாசலொன்றைத் திறந்தால் போதும் என்றார்கள். இரண்டு இரவு முயன்றோம், பலிக்கவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. ஆசிய-பசுபிக் பகுதிக்குரிய பழைய வகை இணைய முகவரிகளின் சேமிப்பு 2011 ஏப்ரலிலேயே வற்றிவிட்டது. ஆகவே சிம் போட்ட ரவுட்டர்கள் பல, ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்தப்படுகின்றன. ரவுட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நிலைமை இதுதான். தோட்டம் முழுமைக்கும் ஒரே தபால் விலாசத்தோடு வாழ்ந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! கடிதம் வெளியே போகும். வருகிற கடிதந்தான் வீடு தெரியாமல் நின்றுவிடும்.

வாசல் திறவாததும் நன்மையே. லாஸ்ட்பாஸ் என்னும் கடவுச்சொற் காப்பு நிறுவனத்தினுள் 2022இல் திருடர் புகுந்த வழிகளுள் ஒன்று, அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியிலிருந்த பிளெக்ஸ் என்னும் இதே வகை மென்பொருள். அவ்வோட்டையை அடைக்கும் திருத்தம் 2020இலேயே வெளிவந்திருந்தது. அவர் அதனை இட்டுக்கொள்ளவில்லை.

நாம் கைக்கொண்ட வழி டெயில்ஸ்கேல். வயர்கார்ட் என்னும் மறைகுறிச் சுரங்கவழியின்மேல் அமைந்தது அது. இங்குள்ள கணினியும் அங்குள்ள கைத்தொலைபேசியும் தாமே வெளியே வந்து சந்தித்துக்கொள்வதால் வாசல் வேண்டியதில்லை. நேரே சந்திக்க இயலாதபோது இடைநிலையம் வழியாகப் போகும்; அப்போது வேகம் குறையும். சேர்த்த கருவிகளுக்கே அனுமதி. தொலைந்த போனை நீக்கிவிடலாம்.

மலைநாட்டில் பதிவேற்ற வேகம் குறைவு. ஆதலின் படத்தை வினாடிக்கு 2 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினோம். அவ்வாறு சுருக்கியும் மணிக்கு 900 மெகாபைட் டேட்டா இரு பக்கமும் கரையும். பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நலம். மின்வெட்டில் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கொரு சிறு பேட்டரி வாங்கினோம்.

கணினி பழுதானால் எல்லாம் போகும் என்பதால், வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியில் ஒப்பாரி, தப்பு, கூத்து அடங்கிய பழைய கசெட்டுகள் கிடந்தால், பூசணம் பிடிக்குமுன் மாசிக்குள் கொண்டுவந்து தாருங்கள்.