எரிகோ வழியும் பீடோங் சாலையும்

பால்மரம் வெட்டி முடித்த களைப்போடும் சுங்கைப் பட்டாணிவரை வந்திருக்கும் தோட்டத்துச் சகோதரரே!

நம் பழைய வேதாகமத்தை மொழிபெயர்த்த பண்டிதர்கள், அன்புகூரச் சொல்லும் கட்டளையில் 'அயலான்' என்று எழுதாமல் 'பிறன்' என்று எழுதினார்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களை நான் நமஸ்கரிக்கிறேன். அயலான் என்றால் அடுத்த கதவு. நம் லயங்களில் அடுத்த கதவென்பது பெரும்பாலும் ஒரே கங்காணி ஒரே ஊரிலிருந்து அழைத்துவந்த உறவுமுறையாகவே இருந்தது. அவனை நேசிக்கத் தேவகட்டளை எதற்கு? பிறன் என்பவனோ நம்மவன் அல்லாதவன்.

நம்மவன் என்ற எல்லை எங்கே முடிகிறதென்று அளந்துகொள்ளவே நியாயசாஸ்திரி ஒருவன் 'எனக்குப் பிறன் யார்?' என்று இயேசுவிடம் கேள்வி எழுப்பினான். அளவுகோல் கேட்டவனுக்குக் கிடைத்ததோ கதை: எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் துஷ்டர்கள் அல்லர், நம்மைப்போல் ஆலய சேவை உடையவர்கள், நின்றவனோ யூதர் வெறுத்த சமாரியன். அடிபட்டவனின் பராமரிப்புக்காக அவன் சத்திரக்காரனிடம் வைத்த இரண்டு வெள்ளிக்காசு, அக்காலத்தில் இரண்டு நாட்கூலி. கூலியின் அருமை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எரிகோ வழி நம் கெடாவிலும் உண்டு. யுத்தத்தின்போது சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டவர் போக மீந்தவர்கள் யுத்தம் முடிந்து கெடாவின் தோட்டங்களுக்குத் திரும்பியபோது, பகலில் வாங்கிய கூலியை அந்தியில் பறித்துக்கொள்ளக் கள்ளுக்கடை காத்திருந்தது. அதை எதிர்த்து ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. 1947 பிப்ரவரி 28ஆம் நாள் பீடோங் கள்ளுக்கடையின் முன் நடந்த மறியலில் போலீசாரோடு மூண்ட கைகலப்பில் ஒரு தொழிலாளி உயிரிழந்தான். மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிக்கு இன்னொருவன் இரையானான். மறியலில் நின்றவர்களுள் பெரும்பாலோர் நம் சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்.

"அது அரசியல் ஐயா, பக்தியல்ல" என்று நம்மில் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழாமலில்லை. வீட்டுக்குப் போனதும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பிறனிடம் அன்புகூரச் சொல்லும் 18ஆம் வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால், கூலியாளின் கூலியை விடியுமட்டும் நிறுத்திவைக்கலாகாதென்ற விதி நிற்கிறது. மோசேக்குத் தெரிந்த சம்பந்தம் கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஏன் தெரியவில்லை? சம்பள நாளில் காணிக்கைத் தட்டு நிறைகிறதா என்று பார்க்கிற நாம், வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் எந்தச் சபைக்காரனென்று விசாரித்த பிறகுதானே இரக்கப்படுகிறோம்!

கதை முடிந்தபின் பிறன் யாரென்று இயேசு கேட்டபோது, அந்த நியாயசாஸ்திரிக்குச் 'சமாரியன்' என்ற பெயர் நாவில் வரவில்லை. இரக்கப்பட்டவன் எவனோ அவனே என்று சுற்றி வளைத்தான். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எரிகோ வழியைப் படம் எழுதிக் காட்டுகிறோம். பீடோங் சாலையில் விழுந்தவனைப் பற்றி, அந்த நியாயசாஸ்திரி அளவுக்குச் சுற்றி வளைத்துக்கூட நாம் இன்னும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.