பருத்தியும் களைக்கொல்லியும்



களைதல் என்னும் வினையினின்று பிறந்தது களை என்னும் பெயர். பருத்தி முதல் ஆறு வாரம் மெல்ல வளரும். சாரணையும் கோரையுமோ விரைந்தோங்கி நீரையும் உரத்தையும் கவர்ந்துகொள்ளும். களைவெட்ட ஆள் அரிதானமையால் நம்மவர் களைக்கொல்லியை நாடுகின்றனர். நாடுதல் தவறன்று, முறையறியாது நாடுதலே தவறு.

பெண்டிமெத்தலின் களை முளைக்குமுன் தெளிப்பது. 30 விழுக்காட்டு மருந்தை எக்டேருக்கு 3.3 லிட்டர் வீதம், விதைத்த 3 நாளில், ஈரநிலத்தில் தெளித்தல் வேண்டும். முளைத்தெழுந்த களையை அது கொல்லாது; கோரைக்கிழங்கும் அதற்கு அடங்காது. ஆதலின் 35 முதல் 40 நாளுக்குள் ஒருமுறை கைக்களை எடுத்தல் இன்றியமையாதது.

மற்றொன்று கூறுவோம். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளிக்கும் 2,4-டி, அகன்ற இலைக் களைகளைக் கொல்வது. பருத்தியும் அகன்ற இலையுடையதன்றோ! அம்மருந்து தங்கிய தெளிப்பானை இரவல் வாங்கி அடிப்பின், எஞ்சிய சிறிதளவே பருத்தியிலையை வெண்டையிலைபோற் பிளவுபடுத்திக் காய்ப்பைக் கெடுக்கும். காற்றில் வரும் சாரலும் அத்தகையதே. ஆகவே அதற்கெனத் தனித் தெளிப்பான் வைத்தலும், காற்று வீசுங்கால் தெளியாது அயலார் பயிரைக் காத்தலும் நம் கடமையாம்.

ஒரே மருந்தை நம்புதலும் நன்றன்று. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தியை விதைத்து அம்மருந்தையே ஆண்டுதோறும் தெளித்தனர். அதற்கு மாளாத கீரையினக் களையொன்று அங்கே 2005-இல் உறுதிசெய்யப்பட்டது. பின்னர்ப் பலர் கைக்களைக்கே மீண்டனர்.

மருந்து துணையேயன்றிக் களைக்கொத்துக்கு மாற்றன்று. இதனை இல்லந்தோறும் இளையோர்க்கு எடுத்துரைப்போமாக.