மின்னஞ்சல் சர்வரும் வாசல் காவலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மின்னஞ்சல் சர்வர்களைக் கட்டிக் காப்பது என் பிழைப்பு. “பத்து நிமிஷம், எல்லாருக்கும் புரிகிற மாதிரி” என்று சங்கச் செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். அதனால் ஒரே ஒரு கேள்வி. ஒரு கம்பெனியின் மின்னஞ்சல் சர்வரை எந்தெந்தக் கம்ப்யூட்டர் தொடலாம்?

“நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் தவிர மற்றதையெல்லாம் தடுத்துவிட வேண்டியதுதானே?” என்பீர்கள். முடியாது. வெளியூர்க்காரர் உங்களுக்குக் கடிதம் போட்டால், அவருடைய சர்வர் உங்கள் சர்வரின் 25ஆம் எண் போர்ட்டைத் தட்டியாக வேண்டும். அந்தக் கதவு உலகத்துக்கே திறந்திருக்கணும். ஆகவே, வந்தவர் யார் என்பதோடு என்ன கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். “இந்தக் கடிதம் உங்க வீட்டுக்கு” என்றால் யார் கொடுத்தாலும் வாங்கலாம். “இதை அடுத்த ஊர்க்காரருக்குக் கொண்டுபோய்க் கொடு” என்றால், கேட்பவர் நம்ம ஆளா என்று பார்த்த பிறகுதான்.

1982இல் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. யார் கொடுத்தாலும் வாங்கி அனுப்புவதுதான் அன்றைய மரியாதை. 1990களில் விளம்பரக்காரர்கள் இதை மோப்பம் பிடித்தார்கள். ஊரான் சர்வரில் ஒரு கடிதத்தைக் கொடுத்து ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்ப வைத்தார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9தான், நிர்வாகி சொன்னாலொழிய அடுத்தவர் கடிதத்தைச் சுமக்க மாட்டேன் என்று தானாகவே மறுத்த முதல் சென்ட்மெயில்.

சரி, நம்ம ஆளை எப்படி அடையாளம் காண்பது? சுலபமான வழி ஐ.பி. முகவரிப் பட்டியல். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ‘மைநெட்வொர்க்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆபீஸ் முகவரிகளை அதில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையிலிருந்து வெளிநாட்டு பையர்களுக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. சாம்பிள் ஒப்புதல், விலை, ஷிப்மெண்ட் தேதி, எதுவும் போகவில்லை. ராத்திரி முழுக்க அந்த சர்வர் யாரோ ஒருவருடைய மருந்து விளம்பரத்தைச் சுமந்து, தடுப்புப் பட்டியல்களில் ஏறிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். பட்டியலைப் பார்த்தேன், ஆபீஸ் முகவரிகள் மட்டும்தான் இருந்தன. லாகைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தின வாரம் புது ரூட்டர் மாட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இணைப்பையும் அது தன் சொந்த உள்முகவரியில் சர்வருக்குக் கொடுத்திருக்கிறது. சர்வர் கண்ணுக்கு வருகிறவர் எல்லாருமே 192.168.1.1. உலகமே ஆபீஸ் ஆள்! வாட்ச்மேன் ஒவ்வொரு அந்நியனுக்கும் தன் சட்டையை மாட்டி உள்ளே அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி.

ரூட்டரைத் திருத்த அரை மணி. தடுப்புப் பட்டியல்களிலிருந்து வெளியே வர நாலு நாள். அந்த நாலு நாளும் மெர்ச்சண்டைசர் பெண்கள் இரண்டு பேர் ராத்திரி கண்முழித்து, ஒவ்வொரு பையருக்கும் போன் போட்டு ஆர்டரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு ஐ.பி. முகவரி என்றால் என்னவென்றே தெரியாது.

முகவரி, ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதைச் சொல்லும். ஆள் யார் என்று சொல்லாது. லேப்டாப்பும் செல்போனும் ஊர் சுற்றுகின்றன, முகவரி மணிக்கொருதரம் மாறும். அதற்காகத்தான் 1999இல் எஸ்.எம்.டி.பி.க்கே பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் வசதி வந்தது. மனிதர்களை 587ஆம் எண் போர்ட்டுக்கு அனுப்பி அதைக் கேளுங்கள். முகவரிப் பட்டியல், கடவுச்சொல் சொல்லத் தெரியாத பழைய ஸ்கேனர் மாதிரி ஊமை மெஷின்களுக்கு மட்டும். அதுவும் ஒவ்வொன்றாக, வரவேற்பறை வைஃபை வரைக்கும் சேர்த்து மொத்தமாக எழுதாதீர்கள்.

கடவுச்சொல் மட்டும் போதுமா? 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. 443ஆம் போர்ட்டை வெளியிலிருந்து தொட முடிந்தாலே போதும், கடவுச்சொல் இல்லாமல் நுழையும் ஓட்டை. வி.பி.என்.னுக்குப் பின்னால் வைத்திருந்தவர்களிடம் வெளியாட்களால் அந்த முதல் படியில்கூடக் கால் வைக்க முடியவில்லை. கடிதம் வாங்கும் கதவு வேறு, படிக்கும் கதவு வேறு. இரண்டாவதை ஊருக்கெல்லாம் திறந்து வைக்க எந்த அவசியமும் இல்லை.

தெரியாத செல்போனை நிர்வாகி பார்க்கும்வரை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸ்சேஞ்ச் 2010இலேயே உண்டு. நல்ல வசதிதான். ஆனால் எம்.டி. புது போன் வாங்கிய அன்றைக்கு அதை ‘எல்லாருக்கும் அனுமதி’ என்று மாற்றிவிடுகிறார்கள், சாயங்காலம் திருப்பி வைப்பதில்லை!

மாணவர்களே, லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸைப் போடுங்கள். உங்கள் சொந்த சர்வரை மட்டும், பட்டியலில் இல்லாத வேறொரு நெட்வொர்க்கிலிருந்து, டெல்நெட்டில் தட்டி, வெளி முகவரிக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். 454 அல்லது 554 என்று தொடங்கும் மறுப்பு வர வேண்டும். 250 என்று வந்தால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். பிறகு ரூட்டரைப் பாருங்கள்.